இரவு எட்டு மணிக்குக் கூட்டம் வைப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பீடோங் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களுக்கும் ஆலய நிர்வாகக் குழுவினருக்கும் வணக்கம்.

வேலைக்குப் போகும் பெற்றோரின் அன்றாடக் களைப்பைப் பற்றி உங்களுக்கு இம்மடலை எழுதுகிறேன். அது எங்கள் சொந்த விவகாரம் என்றும், எழுதுவதானால் தொழிற்சாலை நிர்வாகத்துக்கு அல்லவா எழுத வேண்டும் என்றும் உங்களில் சிலருக்குத் தோன்றலாம். தொழிற்சாலைக்குச் சொல்ல வேண்டியதை அங்கே சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். எங்கள் களைப்பில் ஒரு பங்கு, பள்ளியும் கோயிலும் வகுக்கும் நேரங்களால் வருகிறது. அந்தப் பங்கைக் குறைக்கச் சட்டத் திருத்தம் தேவையில்லை, மானியம் தேவையில்லை. உங்கள் அடுத்த செயலவைக் கூட்டத்தில் அரைமணி நேரம் பேசினால் போதும்.

பெற்றோரின் சோர்வைப் போக்குவதற்காக நீங்கள் எதுவும் செய்யவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. தன்முனைப்புப் பேச்சாளர்களை அழைத்து வருகிறீர்கள். மண்டபத்தில் நாற்காலி போட்டு, மீகூனும் தே ஓவும் கொடுத்து, நல்ல மனத்தோடு நடத்துகிறீர்கள். ஆனால் அந்த மேடைகளில் அடிக்கடி கேட்கும் அறிவுரை, தாய்மார்கள் பிரம்ம முகூர்த்தத்தில் எழுந்து பழக வேண்டும் என்பது. எங்களில் பலருக்கு விடியற்காலை நான்கு மணி என்பது, நின்று நின்று கடுத்த கால்களோடு பன்னிரண்டு மணி நேர ஷிப்டின் கடைசி மூன்று மணி நேரத்தைக் கடத்திக்கொண்டிருக்கும் நேரம். அந்த வேளையில் ஏற்கெனவே விழித்திருப்பவளை எழுந்திருக்கச் சொல்வதில் பயனில்லை. அவள் எப்போது படுக்க முடியும் என்பதைத்தான் பேச வேண்டும்.

சுங்கை பட்டாணியிலும் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவிலும் உள்ள தொழிற்சாலைகளுக்கு நம் வட்டாரத்திலிருந்து கம்பெனி பஸ் ஏறுகிறவர்களின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். இரவு ஏழு மணிக்குத் தொடங்கும் வேலை காலை ஏழு மணிக்கு முடிகிறது. வீடு வந்து, குளித்து, துணியை இயந்திரத்தில் போட்டுவிட்டுப் படுக்கும்போது ஒன்பது மணியாகிவிடும். பிள்ளை பள்ளியிலிருந்து மதியம் திரும்பிவிடுகிறது. சோறு போட வேண்டும், சமய வகுப்போ டியூஷனோ இருந்தால் அனுப்ப வேண்டும். ஆக, இரண்டு மணிக்குள் எழுந்தாகிவிடுகிறது. இப்படி எழுந்தவர் மறுநாள் காலை ஏழு மணிக்கு வேலை முடித்து வெளியே வரும்போது 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருக்கிறார். அந்த எண்ணை நான் காரணத்தோடுதான் குறிப்பிடுகிறேன். 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனம், 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம் மது கலந்தவரின் கவனத்துக்கு நிகராகக் குறைந்துவிடுகிறது என்று 1997இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். 2020இல் திருத்தப்பட்ட நம் மலேசியச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் வாகனமோட்டிகளுக்கு விதித்திருக்கும் மது வரம்பும் அதே 50 மில்லிகிராம்தான். ஒரு சொட்டுக்கூடக் குடிக்காமல், அந்த நிலையில், பஸ் நிற்கும் இடத்திலிருந்து மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கூட்டரசுச் சாலையில் லாரிகளுக்கு நடுவே வீடு திரும்புகிறவர்கள் உங்கள் பள்ளிப் பிள்ளைகளின் அம்மாக்களும் அப்பாக்களும்தான். வழியில் விபத்து நேர்ந்தால் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் பாதுகாப்பு உண்டு என்பது உண்மையே. ஆனால் அது விழுந்த பிறகு கிடைப்பது.

பகலில் ஐந்து மணி நேரம் உறங்குவது இரவில் ஐந்து மணி நேரம் உறங்குவதற்குச் சமமும் ஆகாது. வெளிச்சத்தைப் பார்த்து நடக்கும் நம் உள்கடிகாரம், ஒரு வாரம் இரவு, மறுவாரம் பகல் என்று மாறிக்கொண்டே இருக்கும் அட்டவணைக்குப் பழகுவதில்லை. நடுநிசி கடந்து குடிக்கும் காப்பியோ இன்னொரு சிக்கல்: காஃபினில் பாதி உடலைவிட்டு நீங்கவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் பிடிக்கிறது என்பதால், நான்கு மணிக்கு உள்ளே போனதன் பாதி, ஒன்பது மணிக்குப் படுக்கையிலும் கூடவே இருக்கிறது. இரவு வேலைக்காரர்கள் காப்பியை நடுநிசிக்கு முன்பே முடித்துக்கொள்வதும், விடிந்து வீடு திரும்பும் வழியில் கறுப்புக் கண்ணாடி அணிவதும், படுக்கையறைச் சன்னலுக்குத் தடித்த திரை போடுவதும், மாலையில் புறப்படுமுன் இருபது நிமிடம் கண்ணயர்வதும் உண்மையிலேயே உதவும். நாங்கள் செய்யக்கூடியவை இவை; செய்யவும் செய்கிறோம். அத்தனையையும் செய்துவிட்டுப் படுத்தவளை, பிள்ளையின் தேர்ச்சி அறிக்கையைக் காலை பத்து மணிக்கு நேரில் வந்து பெற்றுக்கொள்ளும்படி அழைக்கும் ஒரு கடிதம் எழுப்பிவிடுகிறது.

தேர்ச்சி அறிக்கை நாளைப் பற்றி எனக்கு ஒரே ஒரு கோரிக்கைதான். காலை 7.45 முதல் 8.30 வரை ஒரு வேளையும், மாலை 4 முதல் 5.30 வரை ஒரு வேளையும் திறந்து வையுங்கள். இரவு வேலை முடித்தவர்கள் வீட்டுக்குப் போகும் வழியில் சீருடையோடு வந்து ஆசிரியரைப் பார்த்துவிட்டுப் போவார்கள். மாலை வேளைக்கு ஆசிரியர்களில் சிலர் மட்டும் இருந்தால்கூடப் போதும். அவர்களும் பெற்றோர்தாம், அவர்களுக்கும் வீடு இருக்கிறது என்பதை நாங்கள் மறக்கவில்லை.

கூட்டங்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நம் கெடா மாநிலத்தில் வாரம் ஞாயிற்றுக்கிழமை தொடங்குகிறது. பள்ளிக்கும் அரசாங்க அலுவலகங்களுக்கும் வெள்ளியும் சனியும் விடுமுறை. தனியார் நிறுவனங்களில் சில அதைப் பின்பற்றுகின்றன, சில ஞாயிறு விடுகின்றன, ஷிப்டுத் தொழிற்சாலைகளில் ஓய்வுநாள் வாரத்துக்கு வாரம் நகர்கிறது. பினாங்கில் வேலை செய்யும் அப்பாவுக்கு ஞாயிறு ஓய்வு. அன்று பிள்ளைக்குப் பள்ளி. பிள்ளைக்கு வெள்ளி ஓய்வு. அன்று அம்மாவுக்கு வேலை. ஒரே கூரையின் கீழ் இருக்கும் மூவருக்கும் ஒரே நாளில் விடுமுறை அமைவது இங்கே அபூர்வம். அப்படி அமைகிற ஒரு நாளில்தான் பள்ளிக் கூட்டுப்பணி, கோயில் சிரமதானம், சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டம், யாராவது ஒருவருடைய நிச்சயதார்த்தம் எல்லாமே வந்து விழுகின்றன. மற்றக் கூட்டங்களை வியாழன் இரவு எட்டு மணிக்கு வைக்கிறீர்கள். அந்த நேரத்தில் இரவு ஷிப்டுக்காரர்கள் தொழிற்சாலைக்குள் இருப்பார்கள். பகல் ஷிப்டுக்காரர்கள் அப்போதுதான் பஸ்ஸைவிட்டு இறங்குவார்கள். வந்து உட்காரக்கூடியவர்கள் ஓய்வு பெற்றவர்களும் சொந்தத் தொழில் செய்பவர்களும் மட்டுமே. பிறகு, பெற்றோர் ஒத்துழைப்பதில்லை என்று மேடையில் பேசுகிறீர்கள். அந்தப் பேச்சு எங்களுக்கு வலிக்கிறது. அதை மறைத்து எழுதுவதில் பொருளில்லை.

சனிக்கிழமை காலை ஒன்றரை மணி நேரம் வையுங்கள். தொடங்கும் நேரத்தை அச்சிடுவதுபோல முடியும் நேரத்தையும் அழைப்பில் அச்சிடுங்கள். விளக்கேற்றி, வரவேற்புரை ஆறு பேசி, பொன்னாடை போர்த்தி முடிக்கவே ஒரு மணி நேரம் போய்விடும் வழக்கத்தைக் கூட்டங்களுக்கு மட்டுமாவது தளர்த்துங்கள். வர முடியாதவர்களுக்காக, எடுத்த முடிவுகளை ஐந்து நிமிடக் குரல் பதிவாகப் புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பினால், பஸ்ஸில் போகும்போது கேட்டுக்கொள்வோம்.

புலனம் என்று எழுதியவுடன் நினைவுக்கு வருவது இரவு நேரச் செய்திகள். இரவு பத்தரை மணிக்கு வகுப்புக் குழுவில் ஒரு செய்தி விழுகிறது: நாளை கலைக்கல்விக்கு முட்டை அட்டை இரண்டு, பழுப்பு நிறத் தாள் ஒன்று, பசை ஒரு போத்தல் கொண்டு வரவும். எங்கள் கைப்பேசி அப்போது லாக்கரில் பூட்டிக் கிடக்கிறது. உற்பத்திப் பகுதிக்குள் அதைக் கொண்டுபோக அனுமதியில்லை. காலை ஏழேகாலுக்கு அதைக் கையில் எடுக்கும்போது, அந்தச் செய்திக்குக் கீழே நாற்பது பேர் கைகூப்பிய படத்தைப் போட்டிருப்பார்கள். பிள்ளை அதற்குள் முட்டை அட்டை இல்லாமல் வகுப்பில் உட்கார்ந்திருக்கும். வேலை செய்த களைப்பு உறங்கினால் தீரும். பிள்ளைக்குச் செய்ய வேண்டியதைத் தவறவிட்டோமே என்று பஸ் சன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு நினைக்கும்போது வரும் களைப்பு, பகலில் கண்ணை மூடவிடாது. வரும் வாரத்துக்குத் தேவையான பொருள்கள் அனைத்தையும் வியாழன் மதியம் ஒரே செய்தியாக அனுப்புங்கள். இரவு ஏழு மணிக்குப் பிறகு அவசரம் தவிர வேறெதுவும் வேண்டாம் என்று விதி வகுத்தால், ஆசிரியர்களுக்கும் அது நிம்மதியாகவே இருக்கும் என்று நினைக்கிறேன்.

இரவு டியூஷனையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதிவந்த யுபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் கைவிடப்பட்டது. அந்தத் தேர்வுக்காகத் தொடங்கிய இரவு வகுப்புகளோ சில மண்டபங்களில் இன்னும் ஒன்பதரை வரை நடக்கின்றன. ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு 9 முதல் 12 மணி நேர உறக்கம் வேண்டும் என்பது உறக்க மருத்துவர்களின் பரிந்துரை. பத்தரைக்குப் படுத்து ஐந்தரைக்குப் பள்ளி வேனுக்காக எழுப்பப்படும் பிள்ளைக்குக் கிடைப்பது ஏழு மணி நேரம். களைத்த பிள்ளை சிணுங்கும், களைத்த தாய் கத்துவாள். அதே வகுப்பை மாலைக்கு மாற்றினால் இருவருக்கும் நல்லது. அதற்கு இடமும் இருக்கிறது.

அந்த இடத்தைப் பற்றியதே என் முதன்மையான கோரிக்கை.

நம் பாட்டிமார் ரப்பர்த் தோட்டங்களில் பால் மரம் வெட்டப் போன காலத்தில், இருட்டோடு பெரட்டுக்கு, அதாவது காலைப் பெயர்ப்பதிவுக்கு, போகுமுன் கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போனார்கள். அந்தக் கொட்டகைகளை நான் புகழப் போவதில்லை. ஒரே ஆயா ஏராளமான குழந்தைகளைப் பார்த்தார். சேலைத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கும். மூக்கு ஒழுகும் குழந்தையும் ஒழுகாத குழந்தையும் ஒன்றாகவே கிடக்கும். ஆனாலும், தாய் வேலைக்குப் போனால் குழந்தையை யார் பார்ப்பது என்ற கேள்விக்கு அந்தத் தோட்டத்தில் ஒரு விடை இருந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் காலியாயின, நாம் தாமான் எனும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்கு வந்தோம், தோட்டத்து வேலை தொழிற்சாலை வேலையாயிற்று. கொட்டகை மட்டும் நம்மோடு வரவில்லை. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம், தொழில்துறையிலும் விவசாயத்திலும் பெண்கள் இரவு 10 மணிக்கும் காலை 5 மணிக்கும் இடையில் வேலை செய்வதை, தொழிலாளர் துறைத் தலைமை இயக்குநர் விலக்கு அளித்தாலன்றித் தடுத்து வைத்திருந்தது. 2023 ஜனவரி 1 முதல் அந்தப் பிரிவே இல்லை. அது போனதில் எனக்கு வருத்தமில்லை, இரவுப்படியை நம்பித்தான் பல வீடுகளில் கார்த் தவணை கட்டப்படுகிறது. ஆனால் தாய் இரவில் வேலைக்குப் போகலாம் என்று ஆன பிறகு, அவள் பகலில் எங்கே உறங்குவாள், அப்போது பிள்ளை யாரிடம் இருக்கும் என்ற கேள்வியை யாரும் எடுக்கவில்லை. இப்போது அதற்கு விடை பாட்டி. பாட்டிக்கோ முழங்கால் வலி, இனிப்புநீர் (நீரிழிவு), அவளுடைய சொந்தக் களைப்பு.

கோயில் மண்டபங்கள் வார நாள்களில் மதியம் முழுவதும் பூட்டிக் கிடக்கின்றன. மின்விசிறி இருக்கிறது, குழாய் இருக்கிறது, அன்னதானப் பாத்திரங்கள் இருக்கின்றன. பள்ளிவிட்ட நேரத்திலிருந்து மாலை ஆறு மணி வரை, தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் சாப்பிட்டு, வீட்டுப்பாடம் செய்து, ஓடியாடி இருக்க அதைத் திறந்து விடுங்கள். நாங்கள் இலவசமாகக் கேட்கவில்லை. மாதக் கட்டணம் தருவோம், அது நம் ஊரிலேயே இரண்டு மூன்று பெண்களுக்குச் சம்பளமாகும். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளைச் சேர்த்தால் 1984ஆம் ஆண்டுக் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டத்தின்கீழ்ச் சமூக நலத்துறையில் பதிவு செய்ய வேண்டியிருக்கும். ஆகவே பள்ளிப் பிள்ளைகளோடு தொடங்கி, என்ன அனுமதி வேண்டும், எத்தனை பேர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதை முதலிலேயே நலத்துறையில் எழுத்துமூலம் கேட்டுக்கொள்வது நல்லது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர்களின் பின்னணியைச் சரிபார்ப்பதிலும் தாட்சண்யம் கூடாது, அவர் தலைவரின் கொழுந்தியாளாக இருந்தாலும் சரி. இந்த ஓர் ஏற்பாட்டால் இரவு வேலை செய்யும் தாய்க்கு மதியம் இரண்டு மணியோடு முடியும் உறக்கம் ஐந்து மணி வரை நீளும். அந்த மூன்று மணி நேரத்தைத் தருகிற தன்முனைப்பு உரை உலகத்தில் இல்லை.

களைப்பு எல்லாமே நேரப் பற்றாக்குறையால் வருவதன்று என்பதையும் சொல்ல வேண்டும். சுகாதார அமைச்சின் 2019ஆம் ஆண்டுத் தேசிய ஆய்வில், 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் பத்துக்கு ஏறக்குறைய மூவருக்கு இரத்தச்சோகை இருந்தது. படியேறினால் மூச்சு வாங்குவதையும், தலை கிறுகிறுப்பதையும், எப்போதும் சோர்ந்திருப்பதையும் வேலையின்மீது பழி போட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் இருந்துவிடுகிறோம். தைராய்டுக் குறைவும் இனிப்புநீரும், இரவில் குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் கோளாறும் இதே சோர்வைத்தான் தரும். கருவுறாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் குறைந்தால் இரத்தச்சோகை. விரலில் ஒரு துளி இரத்தம் எடுத்தால் தெரிந்துவிடும். அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி (ரிங்கிட்). போவதற்கு வேலை நாளில் நேரமில்லை என்பதே தடை. ஆகவே அடுத்த குடும்ப நாளில் பேச்சாளருக்குப் பதிலாகத் தாதியர் இருவரை அழைக்க மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கு எழுதுங்கள். கூடவே, சாப்பாட்டுக்குப் பின் உடனே தேத்தண்ணீர் குடித்தால் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும், ஒரு துண்டு கொய்யாவோ எலுமிச்சைச் சாறோ சேர்த்தால் கூடும் என்பதை அங்கே சொல்லச் சொல்லுங்கள். மண்டபத்தில் சோற்றோடு தே ஊற்றும் வழக்கத்தையும் அப்போது யோசிக்கலாம்.

வேலையிடத்தைப் பொறுத்தவரை நீங்கள் உதவக்கூடிய ஓர் இடம் உண்டு. 2023இல் நடப்புக்கு வந்த அதே வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தத்தின்படி, வேலை நேரத்தையோ வேலை நாளையோ வேலை செய்யும் இடத்தையோ மாற்றித் தரும்படி ஊழியர் எழுத்துமூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாள்களுக்குள் எழுத்துமூலம் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். உற்பத்தி வரிசையில் நிற்பவருக்கு இது எளிதில் கிடைக்கும் என்று நான் நம்பவில்லை. ஆனால் கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே வாரத்தில் இரவு ஷிப்டு விழாமல் மாற்றிக்கொள்ளவாவது அது பயன்படும். இந்த உரிமை இருப்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களுக்கு மலாயிலோ ஆங்கிலத்திலோ கடிதம் எழுதத் தயக்கம். சங்கத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் எழுத்தர் வேலை பார்த்த கிராணிமாரும் இருக்கிறீர்கள். ஒரு மாதிரிக் கடிதம் எழுதி அலுவலகத்தில் வையுங்கள்.

கடைசியாக அப்பாக்கள். லாரி ஓட்டி ஜொகூர் வரை போய் வரும் அப்பாவின் களைப்பு அம்மாவின் களைப்புக்குக் குறைந்ததன்று. ஆனாலும் வகுப்புப் புலனக் குழுக்களில் இருப்பவை பெரும்பாலும் அம்மாக்களின் எண்கள். பலகாரம் செய்யவும், திருவிழாவுக்கு முந்தைய இரவு மண்டபத்தில் காய்கறி நறுக்கவும் அழைக்கப்படுவதும் அவர்களே. அப்பாக்களின் எண்களையும் குழுவில் சேர்த்து, பணிப்பட்டியலில் அவர்கள் பெயரையும் எழுதுங்கள். நீங்கள் கேட்டால் அவர்கள் வருவார்கள். மனைவி கேட்பதைவிடத் தலைவர் கேட்பதற்கு மதிப்பு அதிகம் என்பது நம் ஊர் வழக்கம், அந்த வழக்கம் ஒரு நல்ல காரியத்துக்காவது பயன்படட்டும்.

இவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை ஏற்க இயலாது என்பதை அடுத்த செயலவைக் கூட்டத்துக்குப் பிறகு தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். மதிய நேரப் பராமரிப்புக்கு எத்தனை குடும்பங்கள் பிள்ளைகளை அனுப்பும், மாதம் எவ்வளவு தர இயலும் என்ற பட்டியலை நாங்கள் சிலர் சேர்ந்து எடுத்துத் தருகிறோம். சமூக நலத்துறைக்கு நேரில் போய் விசாரிக்கவும் ஓய்வுநாளில் இருவர் அணியமாக இருக்கிறோம். பதிலைப் புலனத்தில் அனுப்புவதாயின் மதியம் இரண்டு மணிக்குப் பிறகு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
இரவு ஷிப்டுக்குச் செல்லும் ஒரு தாய்,
பீடோங், கெடா